சிரிச்சவன் பேரைச் சொல்லு பாப்போம்

வாடா பேராண்டி, உக்காரு. பரீட்சை எழுதி தூதரக வேலைக்குப் போகப்போறியாம். பத்து வருசம் நாடு நாடாச் சுத்திட்டு, அப்புறம் வேலையை உதறிட்டு அரசியலுக்கு வந்து வெளிநாட்டு மந்திரி ஆகணும்னு உங்க அம்மாகிட்டச் சொன்னியாம். ரொம்பச் சந்தோசம். வார்டு மெம்பருக்கு நின்னு டெபாசிட்டைப் பறிகொடுத்த கிழவன் நமக்குப் புத்தி சொல்ல வந்துட்டானேன்னு முழிக்காதே. ஜெயிச்சவன் புத்தி சொல்ல மாட்டான்டா, அவனுக்கு நேரம் இருக்காது. தோத்தவன்கிட்டதான் கேக்கணும்.

ஸ்பெயின்ல ஃபெர்னாண்டோ மொரான்னு ஒரு மனுசன் இருந்தாரு. நீ போக நெனைக்கிற பாதையில முதல்ல இருந்து கடைசி வரைக்கும் நடந்து பாத்தவரு. தூதரக வேலை, செனட்டர், வெளிநாட்டு மந்திரி, ஐ.நா. தூதர், ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர், கடைசியில மாட்ரிட் மேயர் எலக்சன் வரைக்கும் எதையும் விட்டு வைக்கல. அவரு கதையைக் கேட்டு முடி. அப்புறம் கோட்டு தைக்கத் துணி எடுக்கலாம்.

1926-ல பொறந்தாரு. ஊரு அவிலேஸ். வடக்கே அஸ்தூரியாஸ் சீமையில, கடலோரம் இருக்கு. சட்டம் படிச்சாரு. பாரிஸ்ல கொஞ்சம், லண்டன்ல கொஞ்சம்னு மேல்படிப்பும் படிச்சாரு. 1950-கள்ல வெளியுறவுப் பணியில சேந்தாரு. புயனஸ் ஐரஸ், பிரிட்டோரியா, லிஸ்பன், லண்டன்னு ஊரு மாத்தி ஊரு போயிக்கிட்டே இருந்தாரு. இது வரைக்கும் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. மனுசன் இடையில ஒரு காரியம் பண்ணிட்டாரு. நாவல் எழுதிட்டாரு. ஒண்ணு எழுதினதோட நிக்கல, அப்புறம் நாவல்களை ஆராய்ஞ்சு தனியா ஒரு புத்தகமும் எழுதிட்டாரு. அதனால முதல் புத்தி இது: மந்திரியாகணும்னா எதையும் எழுதாதே. எழுதுறவன் மூஞ்சியில எப்பவும் ஒரு யோசனை தெரியும். யோசனை தெரியுற மூஞ்சியைப் பாத்தா, இவனுக்கு ஒண்ணும் தெரியாது போலன்னு ஊரு முடிவு கட்டிரும்.

ரெண்டாவது சங்கதி சம்பளத்தைப் பத்தினது. அப்ப ஸ்பெயினை ஆண்டது ஃபிராங்கோ. கட்சின்னு ஒண்ணு வச்சுக்கிட்டா ஜெயில். நம்ம மொரான் வாங்குறது அந்த ஃபிராங்கோ சர்க்கார் சம்பளம். பழகுறது யாரோடன்னா என்ரிக்கே தியெர்னோ கல்வானோட. அவரு சலமாங்கா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். மாணவங்க பக்கம் நின்னாருன்னு 1965-ல வேலையைப் பிடுங்கிட்டாங்க. அவரும் கூட்டாளிகளும் 1968-ல ரகசியமா ஒரு சோசலிஸ்ட் கட்சி ஆரம்பிச்சப்போ, அதுல மொரானும் ஒரு ஆள். பகல்ல ஃபிராங்கோ சர்க்காருக்கு ஆப்பிரிக்க விவகாரம் பாப்பாரு. எக்குவடோரியல் கினியாவுக்குச் சுதந்திரம் குடுக்கிற பேச்சுவார்த்தையிலயும் அவரு கை இருந்துச்சு. ராத்திரியானா ஃபிராங்கோ போனதுக்கு அப்புறம் நாடு எப்படி இருக்கணும்னு பேசுவாரு. இது துரோகமா, சாமர்த்தியமான்னு என்கிட்டக் கேக்காதே. சர்க்கார் வேலையில இருந்துக்கிட்டு சர்க்காரைத் திட்டாதவன் உலகத்துல எங்க இருக்கான்? மொரான் கொஞ்சம் ஒழுங்கு பண்ணித் திட்டினாரு, அவ்வளவுதான்.

ஃபிராங்கோ 1975 நவம்பர்ல செத்தாரு. இந்த இடத்துல மொரானைக் கொஞ்சம் நிப்பாட்டிட்டு, இன்னொரு தூதரையும் உனக்குக் காட்டணும். ஹோஸே மரியா தெ அரெய்ல்சான்னு பேரு. மோத்ரிக்கோ பிரபுங்கிற பட்டம் வேற. நல்ல உயரம், நல்ல பேச்சு, நல்ல உடுப்பு. அர்ஜென்டினா, அமெரிக்கா, பிரான்ஸ் மூணு நாட்டுலயும் ஸ்பெயினுக்குத் தூதரா இருந்தவரு. முதல்ல ஃபிராங்கோ ஆளு. அப்புறம் அந்தப் பக்கம் விட்டுட்டு ராஜா குடும்பத்துக்கு ஆளானாரு. ஃபிராங்கோவுக்கு அப்புறம் ராஜா பட்டத்துக்கு வந்ததும் வெளிநாட்டு மந்திரி ஆனாரு. 1976 ஜூலையில பிரதமர் பதவி காலியாச்சு. மாட்ரிட்ல எல்லார் வாயிலயும் இவரு பேருதான். ராஜா யாரைக் கூப்பிட்டாரு தெரியுமா? அடால்ஃபோ சுவாரஸை. அப்படி ஒரு ஆளு இருக்காருன்னே வெளிநாட்டுல பல பேருக்குத் தெரியாது. புது மந்திரிசபையில அரெய்ல்சாவும் இல்ல. ஆக, மூஞ்சி லட்சணமா இருந்தா பதவி தானா வரும்னு நீ நம்பாதே. அரெய்ல்சாவைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கல, எல்லாரும் மரியாதையா வணக்கம் சொன்னாங்க. அந்த வணக்கத்தோட அவரு வீட்டுக்குப் போயிட்டாரு.

இப்ப மொரான்கிட்ட வருவோம். ஜனநாயகம் வந்துச்சு. 1977 எலக்சன்ல தியெர்னோ கட்சி சார்பா அஸ்தூரியாஸ்ல நின்னு தோத்தாரு. (பாத்தியா, நம்ம ஆளு!) அந்தச் சின்னக் கட்சி 1978-ல பெரிய சோசலிஸ்ட் கட்சியோட சேந்துருச்சு. அப்புறம் அதே அஸ்தூரியாஸ்ல செனட்டரா ஜெயிச்சாரு. ஸ்பெயினோட வெளிநாட்டுக் கொள்கை எப்படி இருக்கணும்னு 1980-ல ஒரு தடிப் புத்தகம் போட்டாரு. எழுதாதேன்னு சொன்னேன்ல? கேட்டாத்தானே. 1982 அக்டோபர்ல அந்தக் கட்சித் தலைவர் ஃபெலிப்பே கொன்சாலஸ் 350 இடத்துல 202 ஜெயிச்சுப் பிரதமர் ஆனாரு. மொரான் வெளிநாட்டு மந்திரி.

அங்க ஆரம்பிச்சுது சிரிப்பு. மொரான் கண்ணாடி போட்ட மனுசன், நிதானமாப் பேசுவாரு, ஏதோ நெனப்புலயே இருக்கிற மாதிரி தெரிவாரு. அது போதாதா? எந்த நாட்டுலயும் மடையனைப் பத்தி நூறு பழைய ஜோக்கு சும்மா கெடக்கும். அதுல இருந்த பேரை அழிச்சிட்டு மொரான்னு போட்டுக்கிட்டாங்க. பாருல மொரான் ஜோக்கு, ஆபீஸ்ல மொரான் ஜோக்கு, கல்யாண விருந்துல மொரான் ஜோக்கு. நாடு முழுக்க அதான் பேச்சு. அதுல ஒண்ணு சொல்லு தாத்தான்னு கேப்பே. சொல்ல மாட்டேன். எல்லாம் நம்ம ஊரு டீக்கடையில உங்க பெரியப்பனைப் பத்திச் சொல்லிச் சொல்லித் தேஞ்சு போனதுதான்.

இங்க ஒரு விசயத்தை நல்லாக் கவனி. நாலு பாசை தெரிஞ்ச, ஆப்பிரிக்காவைக் கரைச்சுக் குடிச்ச, புத்தகம் எழுதின ஒரு ஆளைத்தான் மடையன்னு சொல்லிச் சிரிச்சாங்க. நெசமான மடையனைப் பத்தி ஜோக்கு கட்ட மாட்டாங்கடா. அவனைப் பாத்தாப் பயம், எப்ப என்ன பண்ணுவானோன்னு. ஜோக்குக்குத் தோதான ஆளு யாருன்னா, கோவப்பட்டுப் போலீசை அனுப்ப மாட்டான்னு நமக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஆளுதான். ஏழு வருசத்துக்கு முன்னாடி ஒரு மந்திரியைப் பத்திச் சத்தமாச் சிரிக்க அந்த நாட்டுல எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்துச்சு? புதுசா வந்த சுதந்திரத்தை யாரு மேலயாவது பழகிப் பாக்கணுமே. மொரான் அகப்பட்டாரு.

சரி, சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அந்த ரெண்டரை வருசத்துல மனுசன் என்ன பண்ணினாருன்னு பாப்போம்.

ஜிப்ரால்டர்னு ஒரு பாறை இருக்கு. ஸ்பெயின் மண்ணோட ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆள்றது இங்கிலாந்துக்காரன். அவனை மடக்குறேன்னு 1969 ஜூன்ல ஃபிராங்கோ எல்லைக் கேட்டை இழுத்துப் பூட்டிட்டாரு. கப்பலை நிறுத்தியாச்சு, டெலிபோனையும் வெட்டியாச்சு. அந்தப் பக்கம் வேலைக்குப் போயிட்டு இருந்த ஆயிரக்கணக்கான ஸ்பெயின் தொழிலாளிகளுக்குத்தான் முதல் அடி. இந்தப் பக்கம் லா லீனியான்னு ஒரு ஊரு. கேட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கச்சி. ரெண்டு வேலியையும் பிடிச்சுக்கிட்டு, நடுவுல இருக்கிற ஆளில்லாத இடத்தைத் தாண்டிக் கத்திக் கத்திப் பேசுவாங்க. யாருக்குக் கல்யாணம், யாரு செத்தான்னு எல்லாம் கத்தல்தான். புதுசாப் பொறந்த பிள்ளையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவாங்க. கூப்பிடு தூரத்துல இருக்கிற வீட்டுக்குப் போகணும்னா கப்பலேறி மொராக்கோவுல டாஞ்சியர் போயி, அங்க இருந்து இன்னொரு கப்பல் பிடிச்சுத் திரும்பி வரணும். பதிமூணு வருசம் இந்தக் கூத்து. இதுல இங்கிலாந்துக்காரன் மடங்கினானா? அவன் பாட்டுக்கு டீ குடிச்சுக்கிட்டு இருந்தான்.

கொன்சாலஸ் சர்க்கார் வந்ததும் செஞ்ச முதல் காரியங்கள்ல ஒண்ணு, 1982 டிசம்பர்ல அந்தக் கேட்டை நடந்து போறவங்களுக்குத் திறந்து விட்டது. வண்டிக்கும் சரக்குக்கும் இன்னும் பூட்டுதான். 1984 நவம்பர் 27 அன்னிக்கு மொரானும் இங்கிலாந்து மந்திரி ஜெஃப்ரி ஹவ்வும் பிரஸ்ஸல்ஸ்ல உக்காந்து ஒரு உடன்பாடு பண்ணினாங்க. ஸ்பெயின் கேட்டை முழுசாத் திறக்கும், பாறை யாருக்குச் சொந்தம்ங்கிற பேச்சையும் இங்கிலாந்து மேசைக்கு எடுத்துக்கும். 1985 பிப்ரவரி 5 அன்னிக்குக் கேட்டு முழுசாத் திறந்துச்சு. பாறை இன்னும் அவன்கிட்டதான் இருக்கு, அது வேற கதை. ஆனா அக்காவும் தங்கச்சியும் ஒரே வீட்டுல உக்காந்து மெதுவாப் பேசினாங்களா இல்லையா? வீராப்புக்குப் பூட்டுனவனைப் பத்தி ஜோக்கு கட்டல. திறந்தவனைப் பத்திக் கட்டினாங்க.

அடுத்தது பெரிய காரியம். ஐரோப்பிய நாடுங்க கூட்டுக்குள்ள ஸ்பெயினைச் சேக்குறது. அந்தக் கூட்டுக்குப் பேரு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், பொதுச் சந்தைன்னும் சொல்வாங்க. ஸ்பெயின் 1962-லயே கதவைத் தட்டிச்சு. சர்வாதிகாரி வீடுன்னு இழுத்தடிச்சாங்க. முதல் எலக்சன் முடிஞ்ச கையோட 1977 ஜூலையில மறுபடி மனு போட்டாங்க. பேச்சு ஆரம்பிச்சது 1979 பிப்ரவரியில. 1980-ல பிரான்ஸ் அதிபர் ஜிஸ்கார், கொஞ்சம் பொறுங்கப்பான்னு பிரேக்கைப் போட்டாரு. அவரு நாட்டு விவசாயிக்கு ஸ்பெயின் தக்காளியும் ஆரஞ்சும் ஒயினும் வந்தா வயிறு எரியுமே. இன்னொரு பக்கம் பாரு. நேட்டோங்கிற ராணுவக் கூட்டணியில ஸ்பெயின் 1981 டிசம்பர்ல விண்ணப்பம் குடுத்து 1982 மே மாசம் உள்ள போயாச்சு. சண்டைக்காரன் வீட்டுக்குள்ள போக ஆறு மாசம், சந்தைக்காரன் வீட்டுக்குள்ள போக எட்டு வருசம். உலகம் எதுல உசாரா இருக்குன்னு தெரிஞ்சுக்க.

அந்தச் சந்தை வீட்டுல அப்ப பத்துப் பேரு. பத்துப் பேரும் தலையாட்டணும், ஒருத்தன் மாட்டேன்னாலும் கதை முடிஞ்சது. பிரான்சுக்கு ஒயின், காய்கறி. இத்தாலிக்கு ஆலிவ் எண்ணெய். எங்களுக்குத் தனியாப் பணம் ஒதுக்காட்டி ஸ்பெயினை உள்ள விட மாட்டோம்னு கிரீஸ் ஒரு பக்கம் நின்னுச்சு. எல்லாத்துக்கும் மேல மீன். ஸ்பெயின்காரன் மீன் பைத்தியம். அவன் படகுக் கூட்டத்தைப் பாத்தாலே மத்தவனுக்குக் குலை நடுங்கும். 1984 மார்ச்சுல பிஸ்கே வளைகுடாவுல பிரெஞ்சுக் கடற்படை ஸ்பெயின் மீன்பிடிப் படகுகளைச் சுட்டு மீனவங்களுக்குக் காயம். அந்தப் பிரான்சோடதான் மறுபடி மேசையில உக்காந்து சிரிச்சுப் பேசணும். மொரானும் அவரு கூட இருந்த மனுவல் மாரினும் உக்காந்தாங்க. ராத்திரி ராத்திரியா உக்காந்தாங்க. 1985 மார்ச் 29, பிரஸ்ஸல்ஸ்ல பேச்சு முடிஞ்சுது.

என்ன கெடைச்சுதுன்னு கேளு, ஏன்னா மேல நிக்கிற மந்திரியோட வேலை கடைசியில இந்தப் பொடிக் கணக்குதான். வடக்கு அட்லாண்டிக் பக்கம் மீன்பிடிக்க ஸ்பெயினுக்கு 300 படகு. படகோட பேரையே ஒப்பந்தத்துப் பின்னிணைப்புல வரிசையாப் போட்டாங்க. அந்த முந்நூறும் ஒரே நேரத்துல போகக்கூடாது, ஒரு சமயத்துல 150 தான். அயர்லாந்தைச் சுத்தி பெட்டி மாதிரி ஒரு கட்டம் போட்டு 1995 கடைசி வரைக்கும் அதுக்குள்ள கால் வைக்காதேன்னுட்டாங்க. பழம், காய்கறி, ஆலிவ் எண்ணெய்க்குப் பத்து வருசம் காத்திருப்பு. ஸ்பெயின்காரன் மத்த நாட்டுல தடையில்லாம வேலைக்குப் போக ஏழு வருசம். இதைப் படிச்சுட்டு, போயும் போயும் இதுக்கா இந்தப் பாடுன்னு கேட்டவன் அங்கயும் இருந்தான். வெளிய நின்னுக்கிட்டு முழுசாக் கேக்கலாம். உள்ள போகணும்னா பாதியோடதான் போக முடியும். மீதியை உள்ள போயிச் சண்டை போட்டு வாங்கிக்கணும். மீன் விசயத்துல ஸ்பெயின் அப்புறம் அதைத்தான் பண்ணுச்சு.

1985 ஜூன் 12. காலையில லிஸ்பன்ல, போர்ச்சுகலுக்காக ஒரு கையெழுத்து விழா. சாயங்காலம் மாட்ரிட் அரண்மனையில, தூண் மண்டபத்துல இன்னொண்ணு. ஸ்பெயின் சார்பாக் கையெழுத்துப் போட்டவங்க கொன்சாலஸ், மொரான், மாரின், அப்புறம் தூதர் கப்ரியேல் ஃபெர்ரான். நூறு வருசமா ஐரோப்பாவோட வாசல்ல நிக்கிறோமேன்னு குமைஞ்ச நாடு அது. அன்னிக்கு மொரான் ஜோக்கை யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நீ நெனைப்பே. சொல்லியிருப்பாங்க. பழக்கம் விடாதுல்ல.

அடுத்த மாசம், ஜூலை ஆரம்பத்துல, கொன்சாலஸ் மந்திரிசபையை மாத்தினாரு. மொரானுக்கு வேலை போச்சு. கையெழுத்துப் போட்டு ஒரு மாசம்கூட முடியல. மாப்பிள்ளை வீட்டுக்கும் பொண்ணு வீட்டுக்கும் எட்டு வருசம் நடையா நடந்து சம்பந்தம் முடிச்ச தரகனை, பந்தி போடுறதுக்கு முன்னாடி வீட்டுக்கு அனுப்பின கதைதான். 1986 ஜனவரி 1 அன்னிக்கு ஸ்பெயின் ஐரோப்பாவுக்குள்ள கால் வச்சப்போ வெளிநாட்டு மந்திரி நாற்காலியில இருந்தவரு ஃபிரான்சிஸ்கோ ஃபெர்னாண்டஸ் ஒர்தோனியெஸ். அவரு முன்ன எந்தக் கட்சி மந்திரின்னு நெனைக்கிறே? சோசலிஸ்ட்டுகள் 1982-ல தோக்கடிச்ச அதே பழைய ஆளுங்கட்சிதான்.

காரணம் என்ன? நேட்டோ. எதிர்க்கட்சியா இருந்தப்போ நேட்டோ வேண்டாம்னு சோசலிஸ்ட்டுகள் தெருத்தெருவாச் சொன்னாங்க. மொரானும் அதை மனசார நம்பினவரு. ஆட்சிக்கு வந்ததும் கொன்சாலஸ் மெல்ல மெல்லத் திரும்பி, இருப்போம்னுட்டாரு. மொரானால அந்த வேகத்துக்குத் திரும்ப முடியல. 1986 மார்ச் 12 அன்னிக்கு ஜனங்ககிட்ட வாக்கெடுப்பு நடத்தி, ராணுவ அமைப்புல சேர மாட்டோம், அணுகுண்டு வைக்க விட மாட்டோம், அமெரிக்கப் படையைக் குறைப்போம்னு மூணு நிபந்தனை சொல்லி, இருக்கலாம்னு ஜெயிச்சாங்க. நீ எழுதி வச்சுக்க வேண்டியது இது: தலைவர் திரும்புறப்போ உன் கழுத்தும் அதே வேகத்துல திரும்பணும். திரும்பாத கழுத்துக்கு மாலை விழாது. அப்படிப்பட்ட கழுத்து உனக்கு இருக்கான்னு இப்பவே கண்ணாடியில பாத்துக்க.

வெளிய அனுப்பினவங்க அவரைத் தூக்கி எறியவும் இல்ல. தூதரைத் தூதர் வேலைக்கே அனுப்பினாங்க, நியூயார்க்ல ஐ.நா.வுக்கு. அப்புறம் 1987-ல ஸ்பெயின்ல முதல் தடவையா ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். ஓட்டு வாங்க ஒரு மூஞ்சி வேணும். யாரை முதல் பேராப் போட்டாங்க தெரியுமா? நாடே சிரிச்ச அந்த மூஞ்சியைத்தான். 60 இடத்துல 28 ஜெயிச்சாங்க. சிரிச்ச ஜனம்தான் ஓட்டும் போட்டுச்சு. 1999 வரைக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துல உக்காந்திருந்தாரு.

அத்தோட வீட்டுல உக்காந்து பேரன்களுக்குப் புத்தி சொல்லியிருக்கலாம், என்னை மாதிரி. எழுபத்து மூணு வயசுல மாட்ரிட் மேயருக்கு நின்னாரு. 1979-ல இருந்து 1986-ல சாகுற வரைக்கும் அவரு கூட்டாளி தியெர்னோ உக்காந்திருந்த நாற்காலி அது. தியெர்னோ மேல ஊருக்கு அப்படி ஒரு பிரியம், அவரு சவ ஊர்வலத்துல மாட்ரிட்டே தெருவுக்கு வந்துச்சு. அந்த நாற்காலிக்கு மொரானும் ஆசைப்பட்டாரு. 1999 ஜூன்ல மக்கள் கட்சிக்காரர் ஆல்வரஸ் தெல் மன்சானோகிட்டத் தோத்தாரு. ஐரோப்பாவுக்குள்ள ஒரு நாட்டையே கொண்டு போயிச் சேத்தவருக்கு ஒரு முனிசிபாலிட்டிக்குள்ள நுழைய வழி கெடைக்கல. உள்ளூர் எலக்சன் எவ்வளவு கஷ்டம்னு உன் தாத்தன் சொன்னா நம்ப மாட்டே, மொரான் சொன்னா நம்பு. 2020 பிப்ரவரியில, தொண்ணூத்து மூணு வயசுல, மாட்ரிட்ல செத்தாரு.

இப்பச் சொல்லு, போறியா இல்லையா? போறதுன்னா கேட்டுக்க. உன்னைப் பத்தியும் ஜோக்கு கட்டுவாங்க. முதல் ஜோக்கு உங்க சித்தப்பன் கட்டுவான். நீயும் கூட உக்காந்து சிரி. திருப்பி ஜோக்கு கட்டுறதுல நேரத்தைக் கழிக்காதே. அந்த நேரத்துல எதிர்ல உக்காந்திருக்கிறவன் எத்தனை படகு கேக்குறான், எத்தனை வருசம் இழுக்குறான்னு கணக்குப் போடு. பூட்டியிருக்கிற கேட்டு ஏதாவது உன் கைக்கு வந்தா, வீராப்புப் பேசாம திறந்து விடு. பந்தியில இடம் கெடைக்கும்னு எதிர்பாக்காதே.

மொரானைப் பத்தி அத்தனை ஜோக்கு கட்டினாங்களே, அதுல ஒருத்தன் பேராவது உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது, ஸ்பெயின்காரனுக்கும் தெரியாது. 1985 ஜூன் 12-ல போட்ட காகிதத்துல மொரான் கையெழுத்து இருக்கு. போ, போயிப் பரீட்சைக்குப் படி. பிரெஞ்சு படி, சட்டம் படி, மீனைப் பத்தியும் கொஞ்சம் படி. நாவல் மட்டும் எழுதிராதே.